இரண்டாவது பிரேக்

கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியின் வண்டியில் பிரேக் இரண்டு இருக்கும். ஒன்று பழகுகிறவரின் காலடியில். இன்னொன்று பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறவரின் காலடியில். இந்த இரண்டாவது பிரேக்கின் மேல் பாதி ஆயுளாகக் காலை வைத்துக்கொண்டு பிழைத்தவள் அவள். பழக வந்தவர்கள் முகத்துக்கு நேரே டீச்சர் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் ‘ரெண்டாவது பிரேக்’ என்பார்கள். அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. கோபப்பட்டதுபோல் காட்டிக்கொண்டாலும் உள்ளூரப் பெருமைதான்.

பெருமைப்பட வேண்டிய கால்தான் அது. எதிரே நாய் வரப்போகிறது என்று நாய்க்கே தெரியாத நேரத்தில் அவள் காலுக்குத் தெரிந்துவிடும். தொல்லை என்னவென்றால், வேலை முடிந்த பிறகும் அந்தக் காலுக்கு ஓய்வு கிடையாது. பஸ்ஸில் போனால் முன் இருக்கையின் அடியில் மிதிப்பாள். வீட்டில் டிவியில் கார் துரத்தும் காட்சி வந்தால் தரையை மிதிப்பாள். ஒருமுறை அவள் மிதித்த மிதியில், மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற அவள் கணவர் காபியோடு வைத்திருந்த முக்காலி குப்புற விழுந்தது. “வில்லன் தப்பிச்சிட்டான், காபிதான் மாட்டிக்கிச்சு” என்று துடைத்துக்கொண்டார் அந்த மனிதர். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. மனைவியிடம் கற்றுக்கொள்வதைவிட நடந்து போவது உடம்புக்கு நல்லது என்பது அவர் கட்சி.

அவள் ஓட்டக் கற்ற கதை வேறு. சின்ன வயதில் ஒரு ரொட்டி ஆலையில் ரொட்டிகளைத் தாளில் சுற்றும் வேலை பார்த்தாள். ஒருநாள் வேன் ஓட்டுகிறவர் வரவில்லை. ரொட்டியோ சூடாக இருக்கிறது, கடைக்காரர்களோ போனில் கத்துகிறார்கள். முதலாளி சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுச் சாவியை அவள் கையில் திணித்தார். வாசல் கம்பியை உரசி, மாவு மூட்டையில் முட்டி, மூன்றாவது கியர் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் ஊர் முழுக்க உறுமிக்கொண்டு போய் ரொட்டியை இறக்கிவிட்டு வந்தாள். யாரும் ஒரு வார்த்தை சொல்லித்தரவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே வேதம்தான்: பட்டால்தான் அறிவு வரும், பேசினால் எச்சில்தான் வரும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை வாரத்துக்கு நாலு தடவையாவது சொல்லுவாள். பழகுகிறவர் யாராவது “ஏன் டீச்சர்?” என்று வாயெடுத்தால், “கேள்வி அப்புறம், கிளட்ச் முதல்ல” என்று அடக்கிவிடுவாள்.

இப்படிப்பட்டவளிடம் வந்து சேர்ந்தாள் அவளுடைய நாத்தனார்.

கணவரின் தங்கை, பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ், அதே வீட்டின் மாடியில் குடியிருப்பவள். அவள் கணவர் கப்பலில் சமையல்காரர், வருஷத்தில் பெரும்பகுதி கடலில்தான். நாத்தனாருக்கு எப்போதும் இரவு வேலை. விடிந்து அவள் வீடு திரும்பும்போது மகள் பள்ளிக்குக் கிளம்பிப் போயிருப்பாள். மகள் திரும்பும் நேரத்தில் இவள் தூங்கி எழுந்து வேலைக்குத் தயாராவாள். ஒரே வீட்டில் தாயும் மகளும் படிக்கட்டில் சந்தித்துக்கொள்கிற வாழ்க்கை. இப்போது ஆஸ்பத்திரியில் ஒரு பகல் வேலை காலியாகியிருந்தது. நடமாட முடியாத நோயாளிகளின் வீடுகளுக்கே காரில் போய்க் கட்டு மாற்றி, ஊசி போட்டு, மாலைக்குள் வீடு திரும்பும் வேலை. தலைமை நர்ஸுக்கு இவள்மேல் நல்ல அபிப்பிராயம். வேலை உனக்குத்தான் என்று சொல்லிவிட்டார். ஆனால் லைசென்ஸ் வேண்டும்.

“அண்ணி இருக்கும்போது எனக்கென்ன கவலை” என்றாள் நாத்தனார்.

கவலை முதல் பாடத்திலேயே தொடங்கியது. நாத்தனார் சாலை விதிப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டு வந்திருந்தாள். எதையும் புரிந்துகொள்ளாமல் தொட மாட்டாள்.

“கிளட்சை மிதிச்சா உள்ள என்ன நடக்குது அண்ணி?”

“கியர் விழும்.”

“அது சரி, ஏன் விழுது?”

“விழலேன்னா நான் இறங்கி நடந்து போயிடுவேன், அதனால விழுது. நீ ஊசி போடறப்ப நோயாளி இப்படி நொச்சுநொச்சுன்னு கேட்டா என்ன பண்ணுவே?”

“சொல்லுவேன் அண்ணி. சொன்னா பயம் குறையும். பயம் குறைஞ்சா கை தளரும். கை தளர்ந்தா ஊசி வலிக்காது.”

அவள் சாலைப் பக்கம் கையைக் காட்டினாள். “சிக்னல் போடு, கிளம்பு” என்றாள்.

நாத்தனார் முதல் தேர்வில் தோற்றாள். இவளுக்கு நம்பவே முடியவில்லை. முந்தின நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது வெண்ணெயில் கத்தி போவதுபோல் ஓட்டினவள்! தேர்வாளரிடம் கோளாறு, அந்த வண்டியின் இருக்கையில் கோளாறு, அன்று அடித்த வெயிலில் கோளாறு என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஆடினவள் வாயைத் திறக்கவில்லை, ஆட்டுவித்தவள்தான் கூடத்தைத் திட்டினாள்.

அந்தச் சமயத்தில் பயிற்சிப் பள்ளி முதலாளி எல்லா ஆசிரியர்களையும் ஒரு வகுப்புக்கு அனுப்பினார். பெரியவர்களுக்குக் கற்பிப்பது எப்படி என்று ஒரு நாள் வகுப்பு. கட்டாயம் போக வேண்டும், போனால் சாப்பாடு உண்டு என்றார். அவள் சாப்பாட்டை நம்பிப் போனாள்.

கூடம் நிறைய பிளாஸ்டிக் நாற்காலிகள். தையல் சொல்லித்தருகிறவர்கள், கம்ப்யூட்டர் சொல்லித்தருகிறவர்கள், நீச்சல் சொல்லித்தருகிற ஒரு தடித்த மனிதர். வகுப்பெடுக்க வந்த பெண்மணி பெரிய கண்ணாடி போட்டிருந்தார். பலகையில் ஒன்றும் எழுதவில்லை. நீச்சல்காரரைப் பார்த்து, “உங்களுக்கு நீச்சல் தெரியும். அந்தத் ‘தெரியும்’ எங்கே இருக்கு?” என்று கேட்டார்.

“தண்ணியிலங்க” என்றார் அவர். கூடமே சிரித்தது. வகுப்பெடுத்தவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, “பரவாயில்லை, நல்ல பதில்தான்” என்று தொடங்கினார்.

“அறிவுன்னா என்னன்னு ரொம்பக் காலமா சண்டை நடக்குது. அது குடத்துல இருக்கிற தண்ணி மாதிரி, என்கிட்ட இருக்கு, உங்ககிட்ட ஊத்தறேன்னு நினைக்கிறவங்க உண்டு. அவங்க வகுப்புல அவங்களே பேசிக்கிட்டிருப்பாங்க. அனுபவிச்சாத்தான் வரும்னு நினைக்கிறவங்க, ‘செய், திரும்பச் செய்’ம்பாங்க. யோசிச்சாத்தான் வரும்கிறவங்க ஒவ்வொண்ணுக்கும் காரணம் சொல்லுவாங்க. இன்னும் சிலர், ஒவ்வொருத்தரும் தன்கிட்ட ஏற்கெனவே இருக்கிறதை வெச்சு தானே கட்டிக்கிறதுதான் அறிவும்பாங்க. அவங்க முதல்ல எதிராளியைக் கேப்பாங்க: உனக்கு என்ன தெரியும்னு. நீங்க எந்தக் கட்சியோ அப்படித்தான் சொல்லிக்கொடுப்பீங்க. அந்தக் கட்சியில இருக்கோம்னு தெரியாமலேயே இருப்பீங்க.”

“நான் ரெண்டாவது கட்சி” என்று அவள் கையைத் தூக்கினாள். தன் கட்சிக்கு இத்தனை பழைய சரித்திரம் இருப்பது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

சாப்பாடு நன்றாக இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. மதியம், மனிதர்களில் கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் கற்பவர் என்று வகை பிரித்துச் சொல்வார்கள் என்று அந்த அம்மாள் தொடங்கியதைக் கேட்டாள். ஆகா, இதல்லவா விஷயம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். நிமிர்ந்த மேனிக்கே தூங்கிப்போனாள். “ஆனா இதை யார் நெத்தியிலயும் ஒட்டிடாதீங்க. ஆராய்ச்சி பண்ணிப் பார்த்தவங்க இதுக்கு ஆதாரம் போதாதுன்னுதான் சொல்றாங்க. ஒரே ஆள் காலையில ஒரு மாதிரி கத்துப்பார், சாயங்காலம் வேற மாதிரி கத்துப்பார்” என்று அந்த அம்மாள் தலைபாடாய் அடித்துக்கொண்டு சொன்னது அத்தனையும் அவளுடைய குறட்டைக்கு மேலே போய்விட்டது. விழித்தபோது எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவளும் தட்டினாள்.

மறுநாளிலிருந்து ஊரில் ஒருவர் நெற்றி மிச்சமில்லை. பழக வந்த முடிதிருத்துகிறவரைக் ‘கைக் கட்சி’யில் சேர்த்து, வண்டியை நிறுத்திவிட்டு வெறும் காற்றில் கியர் போடச் சொன்னாள். வங்கிக்காரரைக் ‘கண் கட்சி’யாக்கி, பேச்சே இல்லாமல் விரலைக் காட்டிக் காட்டி ஓட்டவைத்தாள். அந்த மனிதர் சாலையைப் பார்ப்பதா விரலைப் பார்ப்பதா என்று கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் திணறினார். வீட்டில் கணவரையும் விடவில்லை.

“ஏங்க, நீங்க காதுக் கட்சி.”

“எப்படிக் கண்டுபிடிச்சே?”

“இத்தனை வருஷமா நான் சொல்றதைக் கேட்டுக்கிட்டுதானே இருக்கீங்க.”

“அது கட்சி இல்லம்மா, சிறைவாசம்” என்றார் அவர்.

எப்போது பார்த்தாலும் ஏன் ஏன் என்று கேட்பவள் காதுக் கட்சியாகத்தானே இருக்க வேண்டும்? நாத்தனாருக்கு அந்த முத்திரை விழுந்தது. அன்றுமுதல் பாடத்தில் வாயைத் திறந்த டீச்சர் மூடவில்லை. இப்போ கிளட்ச், இப்போ ரெண்டு, இப்போ கண்ணாடி, இப்போ மெதுவா என்று ரேடியோ மாதிரி ஓடிக்கொண்டே இருந்தாள். நாத்தனாரும் அற்புதமாக ஓட்டினாள். எந்தத் திருப்பத்திலும் தயக்கமில்லை. இந்தத் தடவை தேர்வாளரே எழுந்து நின்று கைகொடுப்பார் என்று கணவரிடம் சொல்லிவைத்தாள்.

நாத்தனார் இரண்டாவது முறையும் தோற்றாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் நேராக மாடி ஏறிப் போனாள் நாத்தனார். தலைமை நர்ஸ் போனில் நேராகவே சொல்லிவிட்டிருந்தார்: இந்த மாத முடிவுக்குள் லைசென்ஸ் வந்தால் சரி, இல்லாவிட்டால் வேலையை அடுத்துக் காத்திருப்பவளுக்குக் கொடுக்க வேண்டியதுதான். அதற்குள் இன்னும் ஒரே ஒரு தேர்வுக்குத்தான் இடமிருந்தது. மாடியில் மகள், “பரவாயில்லைம்மா, எனக்குப் பழகிடுச்சு” என்று சொல்வது கீழே கேட்டது. தோற்ற செய்தியைவிட அந்த ‘பழகிடுச்சு’தான் அண்ணியை இரவெல்லாம் தூங்கவிடவில்லை.

மறுநாள் தேர்வு மைதானத்துக்குப் போய்த் தேர்வாளரைப் பிடித்தாள். ஒல்லியான மனிதர், சிரிப்பை அளந்து செலவழிக்கிறவர். சண்டை போடத்தான் போனாள்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அம்மா, உங்க ஆளுங்க யாரும் மோசமா ஓட்டறதில்ல. ஆனா எனக்கு ஒண்ணு புரியல. ஒவ்வொரு திருப்பத்துலயும் எல்லாரும் குனிஞ்சு என் காலைப் பார்க்கிறாங்க. அப்படி என் ஷூவுல என்னம்மா இருக்கு?” என்றார்.

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

அன்று முதலில் வந்தவர் முடிதிருத்துகிறவர். ஆள் நடமாட்டமே இல்லாத நேரான சாலைக்கு வண்டியை விடச் சொன்னாள். முன்னால் ஈ காக்காய் இல்லை. அவள் பிரேக்கைத் தொடவில்லை, செருப்பை மட்டும் ஒரு விரலளவு நகர்த்தினாள். வண்டி மெதுவானது. நகர்த்திய செருப்பைப் பின்னுக்கு இழுத்தாள். வண்டி வேகமெடுத்தது. மறுபடியும் நகர்த்தினாள். மறுபடியும் மெதுவானது.

“ஏன் மெதுவாக்கினீங்க?” என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மாணவரிடம் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“தெரியல டீச்சர். மெதுவா போனா நல்லதுன்னு தோணுச்சு.”

குட்டு வெளிப்பட்டுவிட்டது. இத்தனை வருஷமும் அவர்கள் சாலையைப் படிக்கவில்லை, அவளைப் படித்தார்கள். கால் நகர்ந்தால் ஆபத்து, மூச்சை இழுத்தால் திருப்பம், தொண்டையைச் செருமினால் போலீஸ். ஊரில் பாதிப் பேர் அவளிடம் பழகித் தேர்வில் தோற்று, பிறகு தாங்களாகவே முட்டிமோதி ஓட்டக் கற்றுக்கொண்டார்கள் என்பதும், அதை அவள் ‘என்னால் உருவானவர்கள்’ என்று கணக்கில் சேர்த்துக்கொண்டதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

சாயங்காலம் நாத்தனாரை வண்டியில் ஏற்றினாள். இவள் பக்கத்து இருக்கையில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பின்னால் கணவரைச் சாட்சிக்கு உட்காரவைத்தாள். அண்ணியின் கால் மடங்கியிருந்ததால் நாத்தனார் முதல் தெருவில் தடுமாறினாள். இரண்டாவது தெருவில் தேறிவிட்டாள்.

“எப்படி தங்கச்சி?” என்றார் அண்ணன் பின்னாலிருந்து.

“அண்ணி முழங்கால் துடிக்குது அண்ணா.”

முழங்காலின் மேல் கைப்பையை வைத்து மறைத்தாள். கைப்பையின் வாரை அவள் இறுக்குவதைப் பார்த்து நாத்தனார் ஓட்டினாள். அண்ணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நாத்தனார் மூச்சைக் கேட்டு ஓட்டினாள். அண்ணி மூச்சையும் அடக்கிப் பார்த்தாள். “சாலை நல்லாதான் இருக்கு, நீ செத்துடாதே” என்றார் கணவர்.

வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னாள். மூன்று பேரும் சிரித்து ஓய்ந்தார்கள். சிரிப்பு அடங்கியதும் நாத்தனார் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“அண்ணி, நீங்க எப்ப பயப்படறீங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும். வார்டுல பேச முடியாதவங்க முகத்தைப் பார்த்தே வலி எங்கன்னு கண்டுபிடிச்சுப் பழக்கம். அதுதான் கார் ஓட்டறதுன்னு நினைச்சுட்டேன். ஆனா நீங்க எதைப் பார்த்துப் பயந்தீங்கன்னு சொன்னதே இல்ல. அதை இந்தத் தேர்வாளர் முகத்துலயும் தேடறேன். அந்த மனுஷன் எதுக்குமே பயப்பட மாட்டேங்கிறார்.”

“சொல்றதுக்கு என்ன இருக்கு? பார்த்தாலே தெரியுமே.”

“உங்களுக்குத் தெரியும். எனக்கு?”

சரி, சொல்கிறேன் என்று வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. எதைப் பார்த்துக் கால் நகர்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. தெரியும், ஆனால் சொல்லத் தெரியவில்லை. பாதி ஆயுள் சோறு போட்ட அறிவு இப்படி ஊமையாக நிற்பதைக் கண்டு அவளுக்குப் பகீரென்றது.

“இடம் மாத்திக்கலாம்” என்றாள். “நான் ஓட்டறேன். என் கால் பிரேக்குக்குப் போறப்ப எல்லாம் நீ ஏன்னு கேளு. விடாம கேளு.”

நாத்தனாருக்கு அல்வா சாப்பிடுவதுபோல்தான். அண்ணி ஓட்ட, நாத்தனார் கேட்டாள்.

“இப்ப ஏன் மெதுவாக்கினீங்க?”

“சும்மா.”

“சும்மான்னு ஒண்ணு இல்ல அண்ணி. பின்னாடி போய்ப் பாருங்க.”

வண்டியைப் பின்னால் எடுத்துப் பார்த்தாள். ஓரமாக ஒரு கார் நின்றிருந்தது. அதன் ஓட்டுநர் இருக்கையில் ஒரு தலை தெரிந்தது. “உள்ள ஆள் இருக்கு” என்றாள், ஏதோ புதையலைக் கண்டவள்போல. “கதவைப் படார்னு திறந்தாலும் திறப்பான்! அதான் மெதுவாக்கினேன். அட, அதான்!”

அடுத்த முக்கில், நின்ற வேனுக்கு அடியில் இரண்டு கால்கள் நடப்பது தெரிந்திருக்கிறது. அதற்கடுத்ததில், பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களில் ஒருத்தி பஸ்ஸுக்கு முன்பக்கமாகப் போயிருக்கிறாள். எத்தனையோ வருஷம் குடியிருந்த வீட்டில் திறந்தே பார்க்காத அலமாரியைத் திறந்தவள் மாதிரி அவளுக்குக் குதூகலம் தாங்கவில்லை. எது கேட்டாலும் பதில் இருந்தது, கேட்க ஆள்தான் இல்லாமல் இருந்திருக்கிறது. கேள்வி கேட்டவர்களின் வாயை எல்லாம் அடைத்தது யார் என்பதையும் அவள் யோசிக்காமல் இல்லை. கற்றுக்கொடுக்கக் கிளம்பியவள் வாரம் முழுக்கத் தன் நாத்தனாரிடம் பாடம் படித்தாள்.

பிறகு நாத்தனார் ஓட்டினாள். விதி ஒன்றுதான்: கண்ணில் படுவதை எல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், என்ன செய்வது என்று அவளே முடிவு செய்ய வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் ஒழிய டீச்சரின் கால் அசையக் கூடாது. சொல்வது சுலபம். நாத்தனார் நடுச்சாலையில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தாள், நடைபாதையில் ஏறினாள். ஒருநாள் பின்னால் எடுக்கும்போது குப்பைத்தொட்டியை நோக்கி மெல்ல மெல்லப் போனாள். இவள் கால் பிரேக்குக்கு மேலே நின்று நடுங்கியது. அடக்கிக்கொண்டாள். தொட்டிக்கு உயிர் இல்லை, பள்ளி வண்டியின் பம்பரிலும் சொரணை மிச்சமில்லை. டமார்!

“இது ஏன் நடந்துச்சு?” என்று கேட்டாள்.

நாத்தனார் இறங்கிப் போய்ச் சுற்றிப் பார்த்தாள். வந்து, “கண்ணாடியில தூரமாத் தெரிஞ்சுது. கண்ணாடியை மட்டும் நம்பினேன், திரும்பிப் பார்க்கல” என்றாள். அதற்குப் பிறகு ஒரு தொட்டியையும் அவள் தொடவில்லை. அந்த ஒரு சத்தம் கற்றுக்கொடுத்ததை இவள் தன் காலால் எத்தனை பேருக்குக் கிடைக்கவிடாமல் செய்திருக்கிறாள்! அதே சமயம், ஏன் என்று கேட்டுக் காரணத்தைப் பிடித்திராவிட்டால் அந்தச் சத்தம் வெறும் சத்தமாகத்தான் போயிருக்கும். பட்டறிவா, படிப்பறிவா என்று கட்சி கட்டியவள் இரண்டுக்கும் நடுவில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றாள். கைக் கட்சி, காதுக் கட்சிகளையும் அந்த வாரமே சத்தமில்லாமல் கலைத்துவிட்டாள். வங்கிக்காரருக்குப் பேச்சு திரும்பக் கிடைத்தது.

மூன்றாவது தேர்வு ஒரு பிற்பகலில் வந்தது. தேர்வாளர் முன்னால், ஆசிரியர் வேண்டுமானால் பின்னால் உட்காரலாம் என்பது அங்கே வழக்கம். இதுவரை டீச்சர் அப்படி உட்கார்ந்ததில்லை. அன்று உட்கார்ந்தாள். கையைக் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நாத்தனார் கிளம்பினாள். திருப்பம், மேடு, சிக்னல் எல்லாம் ஒழுங்காகப் போயின. கடைசித் தெரு. நல்ல அகலமான சாலை, முன்னால் வண்டி ஏதும் இல்லை. நடைபாதையில் கைத்தடியோடு ஒரு வயதானவர், அவர்கள் போகும் திசையிலேயே நடந்துகொண்டிருந்தார். அவ்வளவுதான். நாத்தனார் திடீரென்று வேகத்தைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள். வண்டியை நிறுத்தியே விட்டாள்.

பின்னால் இருந்தவள் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டாள். ஏன் நிறுத்துகிறாள்? சாலையில் ஒன்றுமில்லையே! காரணமில்லாமல் நிறுத்தினால் தேர்வு அங்கேயே முடிந்தது. வேலை போயிற்று, பகல் போயிற்று, பாவம் அந்தக் குழந்தை. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். தேர்வாளர் பேனாவைத் திறந்தார்.

வயதானவர் நின்றார். தலையைத் திருப்பவே இல்லை. நடைபாதையிலிருந்து அப்படியே சாலையில் இறங்கி, அவர்கள் வண்டிக்கு முன்னால் நிதானமாகக் குறுக்கே நடந்து போனார். ஹாரன் அடித்தவன் கப்சிப்.

“அவர் இறங்குவார்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டார் தேர்வாளர்.

“அவருக்குக் கழுத்து திரும்பாதுங்க. உடம்போட சேர்த்துத்தான் திரும்பறார். அதனால நம்ம பக்கம் பார்க்க மாட்டார். நடந்துக்கிட்டே தடியை இந்தக் கையிலிருந்து சாலைப் பக்கம் இருக்கிற கைக்கு மாத்தினார். இப்படி இருக்கிறவங்க படி இறங்கறதுக்கு முன்னாடி அப்படித்தான் மாத்துவாங்க. வார்டுல தினம் பார்க்கறேன்.”

பின்னால் இருந்தவள் அந்தக் கிழவரைத் திரும்பிப் பார்த்தாள். அதே மனிதரை அவளும் பார்த்துக்கொண்டுதான் வந்தாள். நடக்கிறார் என்பதைத் தவிர அவள் கண்ணில் ஒன்றும் படவில்லை. அவள் கற்றுத்தராத ஒன்று, கற்றுத்தர முடியாத ஒன்று, வண்டியை நிறுத்தியிருக்கிறது. ஒரு மனுஷி ஏதோ காலிப் பாத்திரமாக வந்து உட்காருவதுபோல் இத்தனை நாள் நினைத்திருந்தாளே! அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. தான் ஜெயித்தபோதுகூட இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

மைதானத்துக்குத் திரும்பியதும் தேர்வாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இறங்கும்போது இவள் பக்கம் குனிந்து, “இந்தம்மா என் காலைப் பார்க்கவே இல்ல. இன்னிக்குன்னு பார்த்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுட்டு வந்தேன்” என்றார். அளந்து வைத்திருந்த சிரிப்பில் கொஞ்சம் அதிகமாகவே செலவழித்தார்.

இருவரும் பள்ளி வண்டிக்கு வந்தார்கள். நாத்தனார் தலைமை நர்ஸுக்குப் போன் செய்தாள். “சரிங்க, திங்கக்கிழமைங்க, காலையிலங்க” என்று சொல்லும்போது ‘காலையில’ என்ற வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தாள். இவள் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

முக்கில் வீட்டுக்குப் போக இடது பக்கம் திரும்ப வேண்டும். நாத்தனார் வலது பக்கம் சிக்னல் போட்டாள்.

“வீடு அந்தப் பக்கம்.”

“பள்ளிக்கூடம் விடற நேரம் அண்ணி. ஒருநாள்கூட நான் வாசல்ல போய் நின்னதில்ல. இன்னிக்குப் போறேன்.”

“போகலாம்தான். ஆனா அந்தத் தெரு குறுகல். ரெண்டு பக்கமும் வண்டியை நிறுத்தியிருப்பாங்க, பிள்ளைங்க குறுக்கும் நெடுக்கும் ஓடும். நானே அந்த வழி போக மாட்டேன்.”

“எனக்குத் தெரியும் அண்ணி” என்றாள் நாத்தனார்.

பழகுகிறவர் யார் ‘தெரியும்’ என்றாலும், ‘என்ன தெரியும் உனக்கு’ என்று பாய்கிறவள் அவள். அன்று பாயவில்லை. இவளுக்கு என்னவெல்லாம் தெரியும் என்பது தனக்கு முழுக்கத் தெரியாது என்று முதல்முறையாகத் தோன்றியது. அது நிம்மதியாகவும் இருந்தது. பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு, சாலையை அவளிடம் விட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி வேடிக்கை பார்த்துக்கொண்டு போனாள்.